ஞாயிறு ஒரு முகம், செவ்வாய் ஒரு முகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழுக்கடன் வாங்கிச் சிக்கிக்கொள்கிற பெண்களைப் பற்றிப் போன வாரம் அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு ரெண்டு நாள் மனசுக்குள்ளேயே போட்டு வைத்திருந்தேன், முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் கட்டுரையில் குற்றவாளிகள் இரண்டு பேர். வரவுக்கு மேல் செலவு செய்கிற பெண் ஒருத்தி, இரக்கமே இல்லாத கம்பெனி ஒன்று. மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு, அவளை விட்டுவிட்டீர்கள். கடன் வாங்கினவளின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரி. அதில் ஒருத்தி நான்.

நான் திங்கள்சந்தைக்கும் தக்கலைக்கும் நடுவில் ஒரு ஊரில் இருக்கிறேன். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், இருபத்திரண்டு வருஷம் தோல் உரிக்கிற பீலிங் வேலை, இப்போது வீட்டிலேயே தையல். எங்கள் தெருவில் ரெண்டு குழு உண்டு. ஒன்று எங்கள் சொந்த மகளிர் சுய உதவிக் குழு, பதினாலு பேர். இன்னொன்று தனியார் கம்பெனி லோனுக்காகச் சேர்த்த சென்டர், ஐந்து ஐந்து பேராக நாலு டீம், மொத்தம் இருபது பேர். இதில் பதினோரு பேர் ரெண்டிலும் உண்டு. அதே பொம்பளைகள், அதே தெரு, அதே கஷ்டம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எங்களைப் பார்த்தீர்கள் என்றால் ஒரு ஆள், செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் வேறு ஆள். இதைத்தான் சொல்ல வந்தேன், மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் ஞாயிறு. கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் கலந்த குழு என்பதால் எல்லாருக்கும் ஒத்துவருகிற நேரம் மூன்று மணி. வாரம் நூறு ரூபாய் சேமிப்பு, அதிலிருந்து எங்களுக்குள்ளேயே கொடுக்கிற உள்கடன், மினிட்ஸ் புத்தகம், கையெழுத்து. தமிழ்நாட்டில் இந்த மாதிரி குழுக்கள் 1989-இல் தர்மபுரியில் தொடங்கியவை, நாங்கள் சேர்ந்தது ரொம்பப் பிந்தி. சேருவதற்கு முன்னால் நான் பேங்க் வாசல்படி ஏறினவள் இல்லை. ஸ்லிப் எழுதத் தெரியாமல் நாலு பேராகச் சேர்ந்து போய், நாலு பேராகச் சேர்ந்தே தப்பாக எழுதி, சிரித்துக்கொண்டு திரும்பி வந்தோம். தனியாகப் போயிருந்தால் அன்றைக்கு அழுதிருப்பேன், அப்புறம் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்தபோது முறை வைத்துக் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். ராத்திரி நான் ஒருத்தியாக வராந்தாவில் உட்காராமல் பார்த்துக்கொண்டதும் இவர்கள்தான்.

என் மகள் எம்.எஸ்.டபிள்யூ, சமூகப்பணிப் படிப்பு, படிக்கிறாள். அவள் சொன்னது இது. உறவும் நட்பும் உள்ளவர்கள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்த 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2010-இல் ஒரு கணக்கு வெளியிட்டிருக்கிறார்களாம், மொத்தம் மூன்று லட்சம் பேருக்கு மேல். நல்ல உறவுகள் உள்ளவர்களுக்குப் பிழைத்திருக்கிற வாய்ப்பு மற்றவர்களைவிட ஐம்பது சதவீதம் கூடுதல், சிகரெட் பழக்கத்தை நிறுத்துவதால் கிடைக்கிற நன்மைக்குச் சமம் என்று அதில் எழுதியிருக்கிறது. கேட்டபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. அந்தப் பதினாறு நாளிலேயே எனக்குத் தெரிந்த விஷயம்தான் அது.

சரி, இனி செவ்வாய்.

கம்பெனிக் கூட்டம் காலை ஏழரைக்கு. பைக்கில் ஒரு பையன் வருவான், இருபத்தைந்து வயசு இருக்கலாம். மரியாதையான பையன், எல்லாரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். இருபது பேரும் பாயில் டீம் வாரியாக உட்கார வேண்டும். எல்லாத் தவணையும் வந்து சேராமல் ஒருத்தரும் எழும்பக் கூடாது. ஒருத்தி கட்டாவிட்டால் அவள் டீமில் உள்ள மற்ற நாலு பேர் போட்டுக் கட்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்த லோன் யாருக்கும் கிடையாது. இது எந்தப் பேப்பரில் எப்படி எழுதியிருக்கிறது என்று நாங்கள் படித்ததில்லை, ஆனால் நடப்பு இதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஜூன் மாதம், நல்ல மழை. எங்கள் சென்டரில் ஒரு பெண், நான் மைனி (அண்ணி) என்றுதான் கூப்பிடுவேன், அவள் வீட்டுக்காரருக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற வேலை. மழை விடாமல் பெய்தால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லையென்றால் கூலியும் கிடையாது. வெட்டுகிற இடத்தில் மழை படாமல் மரத்துக்கு ரெயின்கார்டு போட்ட தோட்டம் என்றால் வேறு கதை, அவர் வெட்டின தோட்டத்தில் அதெல்லாம் இல்லை. ரெண்டு வாரம் மைனியின் தவணையை டீமில் உள்ளவர்கள் போட்டார்கள். மூன்றாவது வாரம் அவள் கூட்டத்துக்கே வரவில்லை. பையன் போனில் யாரிடமோ தலையைத் தலையை ஆட்டிப் பேசினான், அவனுக்கும் மேலே ஒருத்தன் இருப்பான்தானே. போனை வைத்துவிட்டு எங்களிடம், "நான் ஒண்ணும் சொல்லலக்கா, நீங்களே பாருங்க" என்றான். இவ்வளவுதான் சொன்னான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

நாங்கள் பார்த்தோம். பத்தொன்பது பேர், குடை உள்ளவர்கள் குடையோடு, இல்லாதவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மைனியின் வீட்டுக்குப் போய்த் திண்ணையிலும் படியிலும் உட்கார்ந்தோம். ஒன்பதரைக்கு உட்கார்ந்தது, எழும்பும்போது மணி ஒன்றரை. உள்ளே அவள் மகள், ஆறாம் வகுப்பு, காய்ச்சலோடு பாயில் கிடந்தாள், இருமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மைனியின் மாமியார் எங்களுக்குக் கட்டஞ்சாயா, பால் இல்லாத டீ, போட்டார். அந்த வீட்டில் பத்தொன்பது தம்ளர் ஏது? ஆறு ஆறு பேராகக் குடித்து, கழுவி, அடுத்த ஆறு பேருக்கு ஊற்றிக் கொடுத்தார். நாங்களும் வாங்கிக் குடித்தோம். இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. சாயாவைக் குடித்துவிட்டு நான் ஒரு வார்த்தையும் சொன்னேன்: "எல்லாருக்கும் கஷ்டம்தான் மைனி, உங்களுக்கு மட்டுமா மழை பெய்யுது?" நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு, தப்பு என்று அப்போது தோன்றவில்லை, நியாயத்தைப் பேசிவிட்ட மாதிரி இருந்தது.

கடைசியில் மைனி உள்ளே போய்ப் பிள்ளையின் காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக்கொண்டு வந்தாள். எங்களில் ஒருத்தி அடகுக் கடைக்குத் துணைக்குப் போனாள். துணைக்கு என்றுதான் அன்றைக்குச் சொன்னோம்.

திரும்பி வரும்போது ஒவ்வொருத்தியாகப் "பாவம்" என்றார்கள். வளைவில் பிரியும்போது என்கூட வந்த அக்கா சொன்னாள், "எனக்கு பத்து மணிக்கே எழும்பிப் போகணும்னு இருந்துச்சு பிள்ளே, நீங்க எல்லாரும் இருந்தீங்களேன்னு இருந்தேன்." நான் அவள் இருந்தாளே என்று இருந்தவள். அப்படியென்றால் யார்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து இருந்தது? அப்புறம் ஒவ்வொருத்தியிடமாக விசாரித்துப் பார்த்தேன். ஒருத்தியும் இல்லை. ஒருத்திக்கும் பிடிக்காத ஒரு காரியத்தைப் பத்தொன்பது பேர் நாலு மணி நேரம் செய்திருக்கிறோம்.

இதை மகளிடம் சொன்னபோது அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தென்னோலையிலிருந்து நாலு ஈர்க்கில் (ஈர்க்குச்சி) ஒடித்துக்கொண்டு குழுவுக்கு வந்தாள். ஒன்று தனியாக, மற்ற மூன்று வேறு வேறு நீளம், அதில் ஒன்றுதான் தனி ஈர்க்கிலுக்குச் சரியாக வரும், சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எங்களில் ஐந்து பேரிடம் முன்னாடியே ரகசியமாகப் பேசி, எல்லாரும் நீளமானதைத்தான் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. ஆறாவதாக உட்கார்ந்த பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவள் முறை வந்ததும் ஈர்க்கிலைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடி ஈர்க்கிலைப் பார்த்தாள், நீளமானதையே தொட்டாள். விஷயத்தைச் சொன்னதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்துக்கொண்டே, "எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல், கண்ணாடி போடணும்னு நானே நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள். அவள் சிரிப்பு அவ்வளவு நன்றாக இல்லை.

இது மகள் கண்டுபிடித்தது இல்லை. சாலமன் ஆஷ் என்கிறவர் 1951-இல் அமெரிக்காவில் இதையே அட்டையில் கோடு போட்டுச் செய்திருக்கிறார். முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பைச் சொல்லியிருக்கிறார்கள். மொத்தப் பதில்களை எண்ணினால் மூன்றில் ரெண்டு பங்கு சரியாகத்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், எல்லாரும் எப்போதும் ஆட்டுமந்தை என்று அவர் சொல்லவில்லை. அவர்களிலும் சிலர் கண்ணைத்தான் குறை சொன்னார்களாம்! எனக்குப் பிடித்தது வேறு ஒரு விஷயம். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் சரியாகச் சொல்லிவிட்டால் போதும், மற்றவர் தப்புச் சொல்வது கால்வாசியாகக் குறைந்துவிடுகிறது. அந்த ஆள் சரியாகச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, கூட்டம் சொல்வதை விட்டு வேறு ஏதாவது சொன்னாலே கேட்கிறவனுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. வாயால் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னாலும் தப்பு வெகுவாகக் குறைந்தது.

இன்னொன்றும் உண்டு. 1968-இல் லாட்டனே, டார்லி என்று ரெண்டு பேர் ஒரு அறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புகை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் எழும்பிப் போய்ச் சொன்னார்கள். பக்கத்தில் ரெண்டு பேர் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தால், பத்தே பேர். கண் எரிய எரிய உட்கார்ந்திருந்தார்களாம். எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. இருமல் சத்தம் எங்கள் பத்தொன்பது பேர் காதிலும் விழுந்தது.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். பெண்களுக்கு நிதி ஒழுக்கம் வேண்டும் என்று முடித்திருந்தீர்கள். எங்களுக்கு ஒழுக்கம் குறைவென்றால் ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்து வருகிறது? அதே ஜூன் மாதம் எங்கள் சொந்தக் குழுவில் ரெண்டு பேருக்கு உள்கடன் தவணை தள்ளி வைத்தோம், பத்து நிமிஷப் பேச்சுத்தான், ஒரு குரல் உயரவில்லை. அது எங்கள் பணம், எங்கள் முடிவு, என்ன செய்யலாம் என்று கேட்க அங்கே இடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை அந்தக் கேள்விக்கே இடம் இல்லை, "எப்போ வீட்டுக்குப் போவோம்" என்ற ஒன்றுதான். ஆளை மாற்றாமல் சட்டத்தை மட்டும் மாற்றிப் பாயில் உட்கார வைத்தால் அதே ஆள் என்ன ஆவாள் என்பதற்கு எங்கள் தெருவே சாட்சி.

கூட்டுப் பொறுப்பு இல்லாவிட்டால் ஏழைகள் திருப்பிக் கட்ட மாட்டார்கள் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். பிலிப்பைன்ஸில் ஒரு பேங்க் அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறது. சில சென்டர்களில் வாரக் கூட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அவரவர் கடனுக்கு அவரவர் மட்டும் பொறுப்பு என்று மாற்றினார்கள். கட்டாமல் விடுகிறவர்கள் அதிகமாகவில்லை, மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அதிகமாகவில்லை. ஜினே, கார்லன் என்கிற ஆராய்ச்சியாளர்கள் செய்தது. கொல்கத்தாவில் நடந்த இன்னொரு ஆய்வில், மாசத்துக்கு ஒரு தடவை கூடினவர்களைவிட வாரா வாரம் கூடின பெண்கள் தங்களுக்குள் நல்ல பழக்கமாகி, கடனையும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள். அப்போ கூடுவதில் தப்பில்லை, கூடி உட்காருகிறவர்களை ஒருத்தி மேல் ஒருத்தியைக் காவல் போடுவதில்தான் வினை. இந்த வித்தியாசத்தை உங்கள் அரைப் பக்கத்தில் நாலு வரியிலாவது எழுதியிருக்கலாம்.

ரிசர்வ் வங்கி 2022-இல் சிறுகடனுக்கு விதி போட்டிருக்கிறது. மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, காலை ஒன்பதுக்கு முன்னாலும் மாலை ஆறுக்குப் பிறகும் கூப்பிட்டுத் தொல்லை பண்ணக் கூடாது, கட்டாதவர் பெயரை வெளியிடக் கூடாது. 2025-இல் நம் சட்டமன்றமும் அடாவடி வசூலுக்கு எதிராக ஒரு சட்டம் நிறைவேற்றியது. நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விதியெல்லாம் கம்பெனியையும் அது அனுப்புகிற ஆளையும் பிடிப்பதற்கு. நாங்கள் அந்தக் கம்பெனிக்கு ஊழியரா, ஏஜென்டா? சம்பளம் வாங்காத பத்தொன்பது பேர். பையன் மைனியின் வீட்டுப் படியைக்கூட மிதிக்கவில்லை. எந்த விதியை வைத்து யாரைப் பிடிப்பீர்கள்?

ஊர்க்காரர்கள் கூடினாலே கெட்டது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூடாவிட்டால் நம்ம ஜில்லாவில் பாதிப் பெண்களுக்கு இன்றைக்கு மேல்துணி கிடையாது. 1822-இல் கல்குளம் பக்கம் தொடங்கின தோள்சீலைப் போராட்டம் 1859 ஜூலை 26-ஆம் தேதி திருவிதாங்கூர் அரசு உத்தரவு போடும்வரை நடந்தது. சந்தையில் துணியைப் பிடித்துக் கிழிக்கிற காலத்தில் ஒருத்தி தனியாக எத்தனை நாள் போட்டுக்கொண்டு போயிருக்க முடியும்? சாமித்தோப்பில் அய்யாவழியைத் தொடங்கின வைகுண்டர், எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் குளிக்கவும் ஒரே பந்தியில் சாப்பிடவும் வைத்தார், தலைப்பாகை கட்டக் கூடாது என்றிருந்தவர்களைத் தலைப்பாகையோடு கும்பிட வரச் சொன்னார். ஒருத்தன் தனியாகக் கட்டினால் அடி விழும், நூறு பேர் சேர்ந்து கட்டினால் அதுவே வழக்கம். ஓகிப் புயலுக்குப் பிறகு 2017 டிசம்பரில் குழித்துறை ஸ்டேஷனில் தண்டவாளத்தில் உட்கார்ந்ததும் கூட்டம்தான், கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத வீட்டு ஆட்கள். உட்காருவது எல்லாம் ஒன்றில்லை. யார் வீட்டு முன்னால், யாருக்காக என்று உண்டு.

என் லோன் முடிந்ததும் நான் சென்டரை விட்டு நின்றுவிட்டேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை, லோன் பாக்கி இருந்தால் நின்றிருப்பேனா என்று எனக்கே சந்தேகம். மற்றவர்கள் இன்னும் போகிறார்கள், அவசரத்துக்கு வேறு வழி இல்லை. பேங்கில் குழுக்கடன் எழுதிப் போட்டு மாசக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது, கம்பெனியோ ஒரு வாரத்தில் கையில் தந்துவிடுகிறது, அதையும் நீங்கள் எழுத வேண்டும். மைனி ரெண்டு குழுவிலும் இல்லை. வழியில் பார்த்தால் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பாள், நானும் கேட்பேன், அவ்வளவோடு சரி. ஒரு தடவை மன்னிப்புக் கேட்கவென்றே வீட்டுக்குப் போனேன். அன்றைக்கும் கட்டஞ்சாயாதான் தந்தாள். கேட்க வந்ததைக் கேட்காமலே குடித்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் மட்டும் ஒரு மாற்றம் கொண்டுவந்தோம். யாருக்காவது தவணை தள்ளணுமா வேண்டாமா என்று வந்தால் இனி வாயால் சொல்வது கிடையாது. முதலில் துண்டுச் சீட்டு என்றுதான் பேசினோம். பதினாலு பேர்தானே, எல்லார் கையெழுத்தும் எல்லாருக்கும் தெரியும், ரெண்டு பேருக்கு எழுதவும் வராது. அதனால் ஆளுக்கு ஒரு அண்டியும் ஒரு புளியங்கொட்டையும் கையில் கொடுத்துவிடுவது, தள்ளலாம் என்றால் அண்டி, வேண்டாம் என்றால் புளியங்கொட்டை, கையை மூடிக்கொண்டு போய்ப் பழைய ஹார்லிக்ஸ் டப்பாவுக்குள் போட வேண்டியது. விழுகிற சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒரு அக்கா சொன்னதால் டப்பாவுக்கு அடியில் பழந்துணி திணித்திருக்கிறோம். மிஞ்சினதைப் போடுவதற்குத் தனியாக ஒரு சாக்குப் பை.

போன மாசம் ஒருத்திக்காக டப்பாவைக் கவிழ்த்தோம். அவளை விட்டுப் பதிமூன்று பேர். ஒன்பது அண்டி, நாலு புளியங்கொட்டை. அந்த நாலு பேர் யார் என்று இன்று வரைக்கும் யாரும் கேட்கவில்லை. அதில் ஒன்று நான் போட்டது.

பெயர் போட வேண்டாம், மைனிக்குச் சங்கடம்.

இப்படிக்கு,
மகளிர் குழு உறுப்பினர் ஒருத்தி,
திங்கள்சந்தை அருகில், கன்னியாகுமரி மாவட்டம்